கண்ணாடியில் தெரியும்வரை

மே 11, ஞாயிறு

இவரில் தெரிகிற மாற்றங்களை நாள்தோறும் குறித்து வைக்கச் சொல்லி நரம்பு வைத்தியரின் தாதி ஒரு கொப்பி தந்தாள். அது குசினியில் கிடக்கிறது. இது வேறு. இது இவரைப் பற்றியது அல்ல, ட்ரெயிலரைப் பற்றியது.

ட்ரெயிலர் இரண்டு வருடமாகப் பகீ அண்ணையின் கராஜ் வளவில் நிற்கிறது. உள்ளே கட்டில், குசினி, குளியலறை எல்லாம் இருக்கின்றன. ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த நிலக்கீழ் அறையைவிடப் பெரியது. சுப்பீரியர் ஏரிக்குப் போகவென்று இவர் ஆசையாய் வாங்கியது. வாழ்நாளில் பாதி பார லொறி ஓட்டினவர். அந்த ஏரிக்கரை நெடுஞ்சாலையால் எத்தனையோ தரம் போய் வந்தும் ஒருதரம்கூட இறங்கி நின்றதில்லை. அவ்வளவு நீள லொறியை நிறுத்த அங்கே இடம் இல்லை, சாமான் சேர வேண்டிய நேரமும் விடாது.

"ஒரு வளைவு இருக்கு யசோ. மலையால இறங்கேக்க திடீரெண்டு கடல் மாதிரி முன்னால வந்து நிக்கும். ஒரு நாளைக்கு அதில இறங்கிக் கால் நனைக்கோணும்" என்று கல்யாணம் கட்டிய காலத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மார்ச்சில் இவரது சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்துவிட்டார்கள். மறதி நோய். "ஐம்பத்துநாலு வயதுக்கு இது கொஞ்சம் முந்தித்தான்" என்றார் வைத்தியர், ஏதோ ரயில் நேரத்துக்கு முந்தி வந்துவிட்டது போல.

அந்த வளைவுக்குக் கிட்ட ஓகஸ்டில் ட்ரெயிலரை நிறுத்தித் தங்க ஒரு காம்ப்சைட் பதிந்துவிட்டேன். இவருக்கு அந்த வளைவு ஞாபகத்தில் இருக்கும்போதே போய்விட வேண்டும். நான்தான் ஓட்டப்போகிறேன். இதுவரை ஓட்டியதெல்லாம் ஒரு சின்னக் கார்.

மே 18, ஞாயிறு

முதல் நாள். ஞாயிறுகளில் கராஜ் பூட்டு, வளவு வெறுமை. பிக்கப்பில் ட்ரெயிலரைக் கொளுவ இவர் ஒரு பிழையும் விடவில்லை. சங்கிலி, மின்கம்பி, பூட்டு எல்லாம் கை தானாகச் செய்தது. காலையில் சேட்டுப் பொத்தானோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டிய அதே கை.

முன்னால் இழுப்பது பெரிய வேலை இல்லை. பின்னுக்கு எடுப்பதுதான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெயிலரின் வால் வலப்பக்கம் போகிறது. கொஞ்சம் கூடத் திருப்பினால் இரண்டும் பேனாக்கத்தி போல மடிகின்றன. மூன்று தரம் மடித்தேன்.

"ஸ்டியரிங்கின்ர அடியில கை வையும். மேல இல்லை, அடியில. இப்ப வால் எங்க போகோணுமோ அங்கால கையைக் கொண்டுபோம். அவ்வளவுதான், உலகத்தில வேற வித்தை இல்லை" என்றார். பிறகு பின்னால் போய் நின்றார். லொறிக் காலத்துச் செம்மஞ்சள் பாதுகாப்புச் சட்டை. விரல்களை மடக்கி அழைத்தால் வா. கையை நீட்டினால் வால் அந்தப் பக்கம். முஷ்டி என்றால் நில்.

"முக்கியமானது ஒண்டு. கண்ணாடியில என்னைக் காணாட்டி நிப்பாட்டும். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு நிப்பாட்டும்."

பகீ அண்ணை கராஜ் வாசலில் தேத்தண்ணீரோடு நின்று சிரித்தார். இவரோடு ஒரே கொம்பனியில் லொறி ஓட்டியவர். "குகன், இவ்வளவு நாளும் மனுசி உன்னைப் பின்னால இருந்து ஓட்டினவ. இப்ப நீ அவவைப் பின்னால நிண்டு ஓட்டு. கணக்குச் சரி!"

இவரும் சிரித்தார். கனநாளைக்குப் பிறகு.

மே 25, ஞாயிறு

மழை. போகவில்லை. இவர் பாதுகாப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னேரம்வரை வாசல் கதிரையில் இருந்தார்.

ஜூன் 2, திங்கள்

என் வேலை வாகனக் காப்புறுதி அலுவலகத்தில். விபத்தில் மாட்டினவர்கள் நடந்ததை எழுதி அனுப்புவார்கள், நான் வாசித்துத் தரம் பிரிப்பேன். இன்று மதியச் சாப்பாட்டில், ட்ரெயிலர் பழகுகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் பின்னுக்கு எடுத்த விபத்துக் கதைகளை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வகை விபத்தில் எல்லாரும் தவறாமல் ஒரு வசனம் எழுதுவார்கள்: நான் உடனே நிறுத்தினேன். பக்கத்து வீட்டு வேலியை அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனவரும் அதைத்தான் எழுதியிருந்தார். இவ்வளவு வருடத்தில் அந்த வசனம் உண்மையாக இருந்த ஒரு விண்ணப்பத்தை நான் கண்டதில்லை. சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்தபோது இவர் உடுப்புக் கூடைக்குள் சிறுநீர் கழித்திருந்தார். எல்லாவற்றையும் இரண்டு தரம் தோய்த்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வந்தது! அடையாளத்துக்கு வைத்த இரண்டு பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவில், ஒரே எடுப்பில், நேராக. சின்னச் சின்னதாகத் திருப்ப வேண்டும், திருப்பிய கையோடு நேராக்கிவிட வேண்டும். ட்ரெயிலர் அவசரப்படுவதில்லை. நாம் செய்த பிழையை ஆறுதலாக எடுத்துப் பிறகு பெரிதாக்கிக் காட்டும்.

இவர் ஓடிவந்து கதவைத் தட்டினார். "ஆர் சொன்னது உமக்கு ஏலாதெண்டு?"

"நீங்கள்தான். முதல் நாள்."

"அது வேற குகநேசன்" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

கராஜ் கதவில் இடித்துவிட்டேன். தகரம் நெளிந்துபோனது. ட்ரெயிலரின் பின்மூலையிலும் ஒரு கீறல். இவர் இடப்பக்கம் கையை நீட்டினார், நான் இடப்பக்கம் எடுத்தேன். கதவும் இடப்பக்கம்தான் இருந்தது. என்னுடைய பிழை. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும்தானே, நான் அதை மாற்றி விளங்கியிருக்க வேண்டும்.

பகீ அண்ணை கதவைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "தகரம்தானே தங்கச்சி, அடிச்சு நிமித்தலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

கண்ணாடியில் இடம் இடமாகத்தான் தெரியும். காலையில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கையை உயர்த்திப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

மகள் ஆரபி ஒட்டாவாவிலிருந்து வந்திருந்தாள். வளவுக்குக் கூட்டிப்போனோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள் என்னை அப்பால் கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா காட்டுறதெல்லாம் பிழை."

"சில நேரம்."

"சில நேரமோ? வா எண்டு காட்டிக்கொண்டு கூம்பைப் பாக்கிறார். அவரைப் பின்னால நிக்க விடாதேங்கோ. முன் சீற்றில இருத்துங்கோ."

"உனக்கு விளங்காது."

"என்ன விளங்காது?"

வீட்டில் இவர் கூனித் திரிகிறார். கரண்டிகளை ஒளிக்கிறார். தன்னுடைய கட்டில் எது என்று என்னிடம் மரியாதையாகக் கேட்கிறார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ட்ரெயிலருக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் முதுகு நிமிர்கிறது. இதை அவளுக்கு நான் சொல்லவில்லை. "எனக்கு அவற்ற சைகை பழகிவிட்டுது" என்றேன்.

போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் நித்திரை கொள்ளுறீங்களா அம்மா?" என்றாள். கொள்கிறேன் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

இப்போது எனக்குக் கண்ணாடிகள் போதும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து, சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இறங்கிப் பார்க்க வெட்கப்படுகிறவன்தான் இடிப்பான் என்று இவர் முந்திச் சொல்லுவார்.

இன்று கராஜின் மூலைக்குள், இரண்டு பழைய வாகனங்களுக்கு இடையில் விட வேண்டும். இவர் இடப்பக்கம் காட்டினார். நான் வலப்பக்கம் எடுத்தேன். அளந்து வைத்தது போல் வந்து நின்றது.

"பாத்தீரே? நான் காட்டின மாதிரிச் செய்தால் வரும்" என்றார்.

"ஓம்" என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

பழகப் போகவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப மணிக்கட்டு நோகிறது. கதவில் அடிபட்டது.

லொறியை ஸ்டார்ட் செய்யும் திறப்பை நான் திருடிவிட்டேன் என்று இவர் தேடிக்கொண்டிருந்த நேரம். லொறியை விற்று இரண்டு வருடம்.

ஜூலை 21, திங்கள்

அலுவலகத்தில் கேட்டார்கள். கதவு என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

பகீ அண்ணை சில்லு, பிரேக், மின்கம்பி எல்லாம் பார்த்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "தங்கச்சி, இந்தப் பயணம் வேணுமோ?" என்றார். "அவனுக்குத் தெரியப்போறதில்லை."

தெரியும் என்றேன். நேற்றும் அந்த வளைவைப் பற்றிச் சொன்னார், என்ன வளைவு என்பதை மட்டும் விட்டுவிட்டு.

ஓகஸ்ட் 2, சனி

புறப்பட்டோம். நகரம் தாண்டும்வரை ஓரப் பாதையிலேயே போனேன். பிறகு பின்பாரம் பழகிவிட்டது. பெரிய லொறிகள் கடக்கும்போது ட்ரெயிலர் ஒருதரம் இழுபடும். ஸ்டியரிங்கோடு சண்டை பிடிக்காமல் விட்டால் தானாக நேராகும். பெற்றோல் நிலையத்தில் ஒருவர், "உங்கள் புருசன் ஓட்டவில்லையா?" என்று கேட்டார். இவர் எனக்கு முந்திப் பதில் சொன்னார்: "இவவுக்கு நான் படிப்பிக்கிறன்."

"எங்க போறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏரிக்கு என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

இன்றைய இடத்தில் பின்னுக்கு எடுக்கத் தேவையில்லை. ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகலாம். புட்டும் நேற்றைய கோழிக் கறியும். இவர் சாப்பிடவில்லை.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

இரவு முழுக்க இவர் நித்திரை இல்லை, அதனால் நானும் இல்லை. காலையில் வெளிக்கிட்டதிலிருந்து, தன்னைப் பராமரிப்பு விடுதியில் கொண்டுபோய்ப் போடப்போகிறேன் என்று கத்திக்கொண்டு வந்தார். "நீ ஆர்? என்ர மனுசி எங்க? அவவுக்கு என்ன செய்தனி?" ஓடும் வாகனத்தில் கதவைத் திறக்கப் பார்த்தார். ஒரு கையால் இவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டினேன், அந்த நோகிற கையால்.

வழியில் இரவு தங்கவிருந்த காம்ப்சைட்டுக்கு வந்தபோது நாலு மணி இருக்கும். பனிப்புகார் மூடியிருந்தது. பக்கத்து இடங்களில் ஒருவரும் இல்லை. எங்கள் இடம் ஒடுக்கம், இரண்டு பக்கமும் மரம், கடைசியில் ஒரு மர மேசை. இவர் திடீரென்று அமைதியானார். சட்டையைப் போட்டார், இறங்கினார், பின்னால் போய் நின்றார். கண்ணாடியில் செம்மஞ்சள் நன்றாகத் தெரிந்தது. விரல்களை மடக்கி வா என்று அழைத்தார். நான் பின்னுக்கு எடுத்தேன். நேராகத்தான் போனது. இன்னும் வா என்று காட்டினார்.

பிறகு கண்ணாடியில் இவர் இல்லை.

நான் உடனே நிறுத்தினேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தால், ட்ரெயிலருக்கும் மேசைக்கும் இடையில் நிலத்தில் சாய்ந்து கிடந்தார். சப்பாத்து நூல் கட்டக் குனிந்து இருந்திருக்கிறார். ட்ரெயிலரின் பின் இரும்பு தோளில் பட்டிருந்தது. மேசையோடு சேர்ந்த இருக்கை வாங்கு ஒன்று பிளந்திருந்தது. அது முன்னமே பிளந்திருந்ததோ தெரியாது. மேசைக் கால்கள் சரளைக் கல்லில் இரண்டு நீளக் கோடு கீறியிருந்தன. பிறகு அவற்றைக் காலால் தட்டிச் சமப்படுத்திவிட்டேன், ஆரும் தடுக்கி விழுவார்கள் என்று.

இவர் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீங்கள் நல்ல ஆள். ஒருக்காத் தூக்கி விடுங்கோ" என்றார், தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்பது போல.

கிட்டத்து ஊரில் ஒரு சின்ன வைத்தியசாலை. காறை எலும்பில் வெடிப்பு, விலாவில் கண்டல் காயம். எப்படி நடந்தது என்று தாதி கேட்டாள். வழுக்கி விழுந்தார் என்றேன். என் மணிக்கட்டையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே தட்டச்சுச் செய்தாள்.

ஓகஸ்ட் 4, திங்கள்

ஆரபி தொலைபேசியில் அழுதாள். "திரும்பி வாங்கோ அம்மா. அவர் பின்னால நிண்டவரோ?"

"இல்லை. வழுக்கினவர்."

இவர் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் கையைப் போட்டுக்கொண்டு ட்ரெயிலரில் படுத்திருக்கிறார். மருந்தினால் சாந்தம். மத்தியானம் கண்ணை விழித்து, "என்ன நடந்தது யசோ?" என்று கேட்டார். என் பெயர் திரும்பி வந்திருந்தது.

"விழுந்திட்டீங்கள்."

"நீர் பக்கத்தில நிண்டனீரோ?"

"நிண்டனான்."

"அப்ப சரி" என்று மறுபடி கண்ணை மூடினார்.

இவரது சட்டையைக் கழுவிக் காயப்போட்டேன். தோள் பக்கத்துக் கறுப்புக் கறை மை போல ஒட்டியிருக்கிறது. எத்தனை தரம் உரஞ்சியும் போகவில்லை.

அலுவலகத்தில் நான் சிரித்த அந்த ஆட்களை எல்லாம் இன்று நினைத்தேன். ஒருவர்கூடப் பொய் சொல்ல நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

திரும்பவில்லை. இன்னும் அரை நாள் ஓட்டம்தான் இருந்தது. இவருக்காகவா எனக்காகவா என்று வழியில் பலதரம் கேட்டுக்கொண்டேன்.

வெயில் வந்திருந்தது. மலை ஏறி இறங்கும்போது, இவர் சொன்ன மாதிரியே, ஒரு வளைவில் திடீரென்று ஏரி முன்னால் வந்து நின்றது. கடல்தான். மறுகரை இல்லை.

"இஞ்ச பாருங்கோப்பா. நீங்கள் சொன்ன வளைவு."

பார்த்தார். பிறகு அவசரமாக முன்கண்ணாடியைக் காட்டினார். "நிப்பாட்டாதையும், நிப்பாட்டாதையும். லோட் இருக்கு. ஆறு மணிக்குள்ள இறக்கோணும்."

நான் நிறுத்தவில்லை. அந்த இடத்தில் நிறுத்தவும் ஏலாது.

காம்ப்சைட் அங்கிருந்து கொஞ்சத் தூரம்தான். எங்கள் இடத்துக்குப் பின்னால் பற்றைக் காடு, பற்றைக்குப் பின்னால் ஏரி. பக்கத்து இடத்து வெள்ளைக்கார மனிதர் ஓடிவந்து, பின்னால் நின்று காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இவருக்கு இருக்கைப் பட்டியைப் பூட்டினேன். சட்டையைக் கேட்டார், போட்டுவிட்டேன். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன், வந்து கொஞ்சம் எடுத்தேன், நிறுத்தினேன், இறங்கிப் பார்த்தேன், வந்து இன்னும் கொஞ்சம் எடுத்தேன். கை ஸ்டியரிங்கின் அடியில். வால் நான் நினைத்த இடத்துக்குப் போனது. ஒருவரும் இல்லாமல், ஒரு சைகையும் இல்லாமல், இவ்வளவு பெரிய பாரத்தை என்னால் பின்னுக்குக் கொண்டுபோக முடிகிறது. மே மாதத்தில் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் சந்தோசமாக இல்லை.

கடைசியாக ஒருதரம் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஏறினேன். இடப்பக்கம் மரம் கிட்டவாக இருந்ததால் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கியரைப் போட்டேன். மெதுவாக நகர்ந்தது. வலப்பக்கக் கண்ணாடிக்குக் கண்ணைத் திருப்பினேன்.

அங்கே செம்மஞ்சள் தெரிந்தது.

பக்கத்து இருக்கை வெறுமை. பட்டி கழன்று கிடந்தது. நான் இடப்பக்கத்தால் திரும்பி வந்த நேரம் வலப்பக்கத்தால் இறங்கிப் போயிருக்கிறார். ஒரு கை தொட்டிலில், மறுகையை உயர்த்திக்கொண்டு, நிற்க வேண்டிய சரியான இடத்தில், முதுகு நிமிர்ந்து நின்றார்.

நான் உடனே நிறுத்தினேன். இந்த முறை உடனே.

அதற்குப் பிறகுதான் இவர் முஷ்டியைக் காட்டினார். சரியான சைகை. எஞ்சினை அணைத்தேன். இறங்கிப் பின்னால் ஓடினேன்.

ட்ரெயிலர் பாதி உள்ளே, பாதி பாதையில், சரிந்து நின்றது. பின்னால் ஒரு வாகனம் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. பக்கத்து இடத்து மனிதர் அவர்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இடமிருக்கு, ஏன் நிப்பாட்டினீர்?" என்றார் இவர்.

"உங்களைப் பாத்திட்டன்."

"அப்ப நான் சாகேல்லை" என்று சிரித்தார்.

இவருக்கு முன்னால் முழங்காலில் இருந்து சப்பாத்து நூல்களை அவிழ்த்தேன். இரண்டும் அவராகக் கட்டியவை, ஒன்றோடொன்று சிக்குப்பட்டு இருந்தன. காலுறைகளையும் கழற்றினேன். வாங்கோ என்று கையைப் பிடித்தேன்.

முஷ்டியை விரிக்கவில்லை. நில் என்றே இருந்தது. அதை அப்படியே பிடித்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினோம்.